வேளாண்மை படித்த கவிஞரின் மகன்

உயர்தரத்தில் பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்ததை வாப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் சென்றது. அதோடு டொக்டராகும் வழி மூடிவிடும் என்பது அவருக்கும் தெரியும். வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தவர், “வேளாண்மை செய்யிறதுக்கா மகள் இவ்வளவு படிப்பு?” என்று மட்டும் கேட்டார். அந்த நாட்களில்தான் ரதீந்திரநாத் தாகூரைப் பற்றி வாசித்தேன்.

மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் மூத்த மகன் அவர். 1888இல் பிறந்தார். 1901இல் தந்தை சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது முதல் மாணவர் ஐவரில் ஒருவர். அக்காலத்து வங்கச் செல்வந்தர்கள் பிள்ளைகளைப் பாரிஸ்டராக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தாகூரோ 1906இல் மகனை அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துக்கு விவசாயம் படிக்க அனுப்பினார். குடும்ப நிலங்களைப் பார்த்துவந்த காலத்தில் குடியானவர்களின் வறுமையை அவர் நேரில் கண்டிருந்தார். அவர்களுடைய உணவுக்குரிய பணத்தில்தான் நீங்கள் படிக்கிறீர்கள், திரும்பி வந்து அதை ஈடுசெய்யுங்கள் என்ற கருத்தில், அங்கே படித்துக்கொண்டிருந்த மருமகனுக்குக் கடிதமும் எழுதினார்.

1909இல் பட்டத்தோடு திரும்பிய ரதீந்திரநாத், இன்றைய வங்காளதேசத்திலுள்ள ஷிலாயிதஹாவில் பண்ணை அமைத்தார். அமெரிக்காவிலிருந்து சோள விதை தருவித்தார். மண்ணைச் சோதிக்கச் சிறிய ஆய்வுகூடம் ஒன்றையும் வைத்தார். ஆனால் சாந்திநிகேதன் வேலைகளுக்குத் தந்தை அழைத்தார். மகன் பண்ணையை விட்டுப் போனார். இந்த இடத்தில் எனக்குத் தாகூர்மீது கொஞ்சம் கோபம்.

1910இல் இளம் விதவையான பிரதிமா தேவியை மணந்தார். தாகூர் குடும்பத்தில் நடந்த முதல் விதவை மறுமணம் அது.

1912இல் லண்டன் போனபோது, ‘கீதாஞ்சலி’யின் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி இருந்த பையைச் சுரங்க ரயிலில் மறந்துவிட்டு இறங்கியவரும் இவர்தான்! பொருள் தொலைந்தோர் அலுவலகத்தில் அது பத்திரமாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு தாகூருக்கு நோபல் பரிசு. பை கிடைக்கும்வரை அந்த மகனின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்!

பிறகு கிராம மேம்பாட்டுக்காக 1922இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் அவருடைய படிப்பு மீண்டும் பயன்பட்டது. மரவேலையிலும் தோல் வேலையிலும் தேர்ந்தவர். உயிரியல் பற்றி வங்காளத்தில் நூல்களும் எழுதினார். விஸ்வபாரதி 1951இல் மத்திய பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் அவரே. இரண்டே வருடத்தில் பதவி விலகி டேராடூன் சென்றார். 1961 ஜூனில், தந்தையின் நூற்றாண்டு விழா நடந்து ஒரு மாதம்கூட ஆகுமுன், காலமானார். அந்த ஆரவாரத்தில் எத்தனை பேர் மகனைக் கவனித்தார்களோ!

மண் சோதித்த கதையை மட்டும் வாப்பாவிடம் சொன்னேன். பேசாமல் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, “நம்மட கீழ்க்கண்டத்துல உப்பு ஏறுது மகள், அதையும் சோதிச்சுப் பாக்க ஏலுமா?” என்றார்.