புறமுதுகு காட்டி ஜெயிக்கும் விளையாட்டு... தெரியுமா?

புறமுதுகு காட்டுவது வீரனுக்கு இழுக்கு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போய் ஜெயிக்கிற ஒலிம்பிக் விளையாட்டு ஒன்று இருக்கிறது, தெரியுமா? துடுப்புப் படகுப் போட்டிதான் அது! கொல்கத்தாவில் டாக்குரியா பக்கம் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் காலை வேளையில் போய் நின்றால் கண்ணாரப் பார்க்கலாம்.

அந்த ஏரியே மனிதர்கள் வெட்டியது, தெரியுமா? 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சதுப்பாகக் கிடந்த 192 ஏக்கரைக் கையகப்படுத்தித் தோண்டியது. தண்ணீர் மட்டுமே 73 ஏக்கர்! 1958-ல் தாகூரின் பெயர் வைத்தார்கள். பழைய ஆட்களுக்கு இன்றும் அது டாக்குரியா லேக்தான். லேக் மார்க்கெட்டை ஒட்டிக் குடியேறிய தமிழர்களுக்கும் அது பழகிய ஏரி. கரையில் இருக்கும் கல்கத்தா ரோயிங் கிளப் ஏரிக்கும் மூத்தது; தொடங்கிய ஆண்டு 1858. நம் அடையாற்றங்கரை மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் வந்தது. சென்னையும் கொழும்பும் 1898-லிருந்து படகு விட்டு மோதிக்கொண்டிருக்கின்றன!

போகிற திசையே கண்ணில் படாத வீரர், தான் செய்வது சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வார்? இங்கேதான் பிரமிப்பு ஆரம்பிக்கிறது.

எட்டுப் பேர் வலிக்கும் படகில் ஒன்பதாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் துடுப்பே கிடையாது! சுக்கானைப் பிடிப்பதும், வாய் ஓயாமல் சொல்வதும்தான் வேலை. காக்ஸ் என்பார்கள். முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். நிமிடத்துக்கு எத்தனை வலிப்பு (துடுப்பை ஒருமுறை இழுப்பது), யார் துடுப்பு தாமதமாகத் தண்ணீரில் இறங்குகிறது, பக்கத்துப் படகு எங்கே வருகிறது எல்லாம் அந்தக் குரல் வழியாகத்தான் எட்டுப் பேருக்கும் போய்ச் சேரும். எடை குறைந்த காக்ஸை வைத்து ஏமாற்றக்கூடாது என்று சர்வதேச விதி 55 கிலோ கேட்கிறது. குறைந்தால் அந்த அளவுக்குப் படகில் பாரம் ஏற்ற வேண்டும். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து ஜோடி, தங்கள் காக்ஸ் கனமாக இருக்கிறார் என்று அந்த ஊர்ச் சிறுவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு தங்கம் வென்றது. அந்தப் பையன் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை!

காக்ஸ் இல்லாத படகுகளில்? தண்ணீரே சொல்லிக்கொடுக்கும்! துடுப்பு வெளியே வந்ததும் அது விட்டுப்போகும் சுழியைப் பாருங்கள். இறுக்கமாக, ஆழமாகச் சுழன்றால் வலிப்பு சுத்தம். வெள்ளை நுரையாகச் சிதறினால் துடுப்பு காற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது. அடுத்தடுத்த சுழிகளுக்கு நடுவே இடைவெளி அகன்றால் படகு நன்றாக ஓடுகிறது. பின்னோக்கி உட்கார்ந்திருப்பதால் இந்தச் சுழிகள் வீரரின் கண் முன்னாலேயே விலகிப் போகும். காதுக்கும் செய்தி உண்டு: படகின் அடியில் குமிழிகள் ஓடும் சத்தம்.

இன்னொன்று கேளுங்கள். படகு அதிக வேகத்தில் போவது துடுப்பை வலிக்கும்போது அல்ல! வலித்து முடித்த வீரர்கள் அடுத்த வலிப்புக்காகச் சறுக்கு இருக்கையில் நகரும்போதுதான். உடல்கள் ஒரு பக்கம் போக, படகு மறு பக்கம் பாய்கிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டால் வேகம் போச்சு. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். பயிற்சியாளர் கரையிலிருந்து கத்துவதும் பெரும்பாலும் இதற்காகத்தான்.

தரையிலும் ஆசான் உண்டு. 1981-ல் அமெரிக்காவில் இரண்டு சகோதரர்கள் சைக்கிள் சக்கரத்தை வைத்து ஒரு ரோயிங் இயந்திரம் செய்தார்கள். கான்செப்ட்2 என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. இன்றைய மாடலின் சின்னத் திரையில், ஒவ்வொரு வலிப்பிலும் விசை ஏறி இறங்கும் கோடு தெரியும். வளைவு வழவழப்பாக இருந்தால் நல்லது. நடுவில் பள்ளம் விழுந்தால் கால், முதுகு, கை மூன்றும் ஒன்றோடொன்று இணையவில்லை என்று அர்த்தம். சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் அளந்து, அன்றைய காற்றின் தடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது அந்த இயந்திரம்!

அப்படியானால் நிறையச் சொன்னால் நிறையத் தேறுமா? தேறாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்! 1990-ல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவு ஒன்றைப் பழக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் ஃபீட்பேக். இன்னொரு குழுவுக்குப் பாதிக்கு மட்டும். மறுநாள் எதுவுமே சொல்லாமல் செய்யச் சொன்னபோது, பாதி கேட்டவர்களே முந்தினார்கள்! எப்போதும் யாராவது சொல்லிக்கொண்டே இருந்தால் உடல் தானாக உணரக் கற்பதில்லை. 1996-ல் க்ளுகர், டினீசி இருவரும் பழைய ஆய்வுகளின் 607 முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஃபீட்பேக் பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில் அது திறமையைக் குறைத்தே விட்டிருக்கிறது! செய்கிற வேலையை விட்டு, செய்கிற ஆளின் மீது பேச்சு திரும்பினால் கெடுதல். “துடுப்பு தாமதமாக இறங்குகிறது” என்றால் திருத்திக்கொள்ள ஏதோ கிடைக்கிறது. “உனக்கு எப்பவும் அவசரம்” என்றால் எதைத் திருத்துவது?

நன்றாகச் செய்ததாகத் தமக்குத் தோன்றும் முயற்சிக்குப் பிறகுதான் கற்பவர்கள் பெரும்பாலும் ஃபீட்பேக் கேட்கிறார்கள் என்பதையும் 2002-ல் ஒரு பரிசோதனை காட்டியது. நாமோ தப்பு நடந்த உடனேதான் வாயைத் திறக்கிறோம்!

ஒரு எச்சரிக்கை மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே போய்ச் சேர வேண்டும்: காற்றைப் பற்றியது. 2022 மே 21 அன்று திடீரென்று வீசிய கோடைப் புயலில், இதே ரவீந்திர சரோவர் ஏரியில் பயிற்சியில் இருந்த பள்ளி மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். வானத்தைக் கவனித்துச் சொல்ல ஒருவரும், உடனே பாய்ந்து போக மீட்புப் படகும் இல்லாத இடத்தில் எந்தப் பிள்ளையும் துடுப்பைத் தொடவே கூடாது.

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அப்பா அம்மாக்களே, பயிற்சியாளர்களே! இன்று சாயங்காலமே ஒன்று செய்து பாருங்கள். பிள்ளை ஆடி முடித்து வந்ததும், “உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று முதலில் கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்ட பிறகு, திருத்த வேண்டியதில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.