பெயர் ஒன்றுதான், ஆள் வேறு

குளுவாங் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு பிள்ளை ஸ்கூடாய்க்கு, மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வளாகத்தில் அவள் கைப்பேசி முதலில் தேடுவது 'எடுரோம்' என்ற வைஃபையை. 2003-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஏற்பாடு இது. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கு இருந்தால், இதில் சேர்ந்துள்ள எந்த நாட்டு வளாகத்திலும் இணையலாம்.

ஆபத்து அந்தப் பெயரில்தான் இருக்கிறது. உணவகத்தின் மூலையில் ஒருவன் பைக்குள் சிறு ரூட்டரை வைத்து, அதற்கும் 'எடுரோம்' என்றே பெயர் சூட்டலாம். சிக்னல் வலுவாக இருந்தால் கைப்பேசி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

வீட்டு வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். பல்கலைக்கழகத்தில் ஆளுக்கொன்று. அதைச் சரிபார்ப்பது ரேடியஸ் என்னும் சர்வர். கைப்பேசி பேசத் தொடங்கியதும் சர்வர் தன் டிஜிட்டல் சான்றிதழை நீட்டும். அது உண்மையானதா என்று கைப்பேசி பார்த்த பிறகே இரண்டுக்கும் இடையே மறையாக்கப்பட்ட பாதை அமையும். அதற்குள்தான் கடவுச்சொல் பற்றிய உரையாடல் நடக்கும். கைப்பேசி சான்றிதழைப் பார்க்காவிட்டால், அந்தப் பாதை நேரே திருடனிடம் போய் முடியும்.

கடவுச்சொல் அப்படியே அனுப்பப்படுவதில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பல வளாகங்களில் புழங்கும் எம்எஸ்சாப்-வி2 முறையில் நடக்கும் உரையாடலைப் பிடித்தால், கணக்குக்குள் நுழையப் போதுமான சாவியை ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று 2012-இல் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டினார்கள். பெரும்பாலும் அதே கணக்கில்தான் மின்னஞ்சலும் மதிப்பெண்ணும் பாடப்பதிவும் இருக்கின்றன.

காப்பு எளிது. ஆண்ட்ராய்டு அமைப்பில் 'சிஏ சான்றிதழ்' என்ற கட்டத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்பது இருந்தால் அதைத் தொடவே கூடாது. 'டொமைன்' கட்டத்தில் பல்கலைக்கழகம் தரும் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். பல்கலைக்கழகம் தன் அமைப்பைப் பதிந்திருந்தால், 'கெட்எடுரோம்' செயலி இதைத் தானே செய்துவிடும். ஏற்கெனவே இணைந்த கைப்பேசி திடீரென்று புதுச் சான்றிதழை நம்பச் சொன்னால் மறுத்துவிட்டு, கணினி மையத்தைக் கேளுங்கள்.

போலி வைஃபை மட்டுமே ஆபத்தல்ல. 2017-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப் வெளியிட்ட 'கிராக்' தாக்குதல் உண்மையான வைஃபையிலேயே ஓட்டை கண்டது. அதை அடைத்தவை மென்பொருள் புதுப்பிப்புகள்தான். அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

எடுரோமை அமைக்கும் வேலைக்கு வளாகம் வரை போக வேண்டியதில்லை. பெட்டி கட்டும் நாளில், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.