மனுவுக்குப் பதில் எழுதுகிறவர்

1980 நவம்பர் வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரசாங்கம் என்றால் கர்ணமும் மணியக்காரரும்தான். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் தங்கிய பதவிகள். நிலப் பதிவேடுகளான சிட்டாவும் அடங்கலும் கர்ணத்தின் வீட்டில் இருந்தன. தன் நிலம் தன் பேரில்தான் இருக்கிறதா என்று பார்க்க விரும்பியவர் அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. கர்ணம் இருந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அரசு ஊழியர் மக்களோடு பேசும் விதத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். கணினியெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

தாலுகா ஆபீஸ் மட்டும் வெகுகாலம் பழையபடியே இருந்தது. வாசல் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து ஒரு மனு எழுதி வாங்க வேண்டும். உள்ளே தபால் பிரிவில் முத்திரை விழும். பிறகு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறி, ஒரு ந.க. எண் கிடைக்கும். அந்த எண் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாதவர் அடுத்த முறை போனால், “ந.க. நம்பர் இருக்கா? இல்லைன்னா தேடித்தான் பார்க்கணும், அடுத்த வாரம் வாங்க.” அந்த அடுத்த வாரத்துக்காக ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்று மனுவின் எண் மனுதாரரின் கைப்பேசிக்கே வருகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிற மனு அங்கேயே கணினியில் ஏறுகிறது. முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு வீட்டிலிருந்தே கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். பட்டா, சிட்டாவை இரவு பன்னிரண்டு மணிக்கும் இணையத்தில் எடுக்கலாம். 2025-இல் அரசின் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களுக்காகப் பல துறை அலுவலர்கள் ஊர் மண்டபத்துக்கே வந்து மேசை போட்டு உட்கார்ந்தார்கள். மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று 2015-லேயே அரசாணை வந்துவிட்டது. கர்ணம் வீட்டு வாசலில் நின்றவரின் பேரப்பிள்ளைக்கு இதெல்லாம் சின்ன விஷயமல்ல.

ஆனால் மனு உள்ளே போன பிறகு என்ன ஆகிறது? ஆட்சியரிடம் கொடுத்தது கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, பிறகு வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கு. ஒவ்வொரு மேசையிலும் “தக்க நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது” என்ற ஒரே வரி. கிராம நிர்வாக அலுவலர் மீதே புகார் என்றாலும் அறிக்கை கேட்டு அவரிடமே வந்து நிற்பதுண்டு. முன்பு இந்தப் பயணத்துக்கு மாதக்கணக்கு ஆனது, இப்போது சில நிமிடம். பாதை மட்டும் மாறவில்லை.

2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒரு குடும்பம், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். அதன் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பைகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். சோதனை வேண்டியதுதான். அதே அளவு கவனத்தோடு, ஒரே ஆள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கொண்டுவருகிற மனுவையும் தனியே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எழுத்தரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காணொலி ஆய்வுக் கூட்டத்தில் அவருடைய மேலதிகாரியிடம் கேட்கப்படுவது “நிலுவை எத்தனை?” என்பதுதான். மாலைக்குள் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துகொண்டே இருக்கும். காலியிடத்து வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவர் என்ன செய்வார்? “விதிகளின்படி ஏற்க இயலாததால் நிராகரிக்கப்படுகிறது” என்று தட்டினால் ஒரு மனு குறைகிறது. எந்த விதி, என்ன குறை, அடுத்து எங்கே போவது என்று எழுத நேரமில்லை, யாரும் கேட்பதுமில்லை.

அவருக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. தகவல் உரிமைக்கு 1997-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. 2005-இல் வந்த மத்தியச் சட்டப்படி, தகவல் தர மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அதே அலுவலகத்தில் அப்படிப்பட்ட பதில்கள் முறையாகத்தான் போகின்றன. அதனால் மக்களும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: காசில்லாமல் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்க, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் மரியாதையான பதில் வருகிறது. மற்ற இடத்தில் வருவதில்லை.

பட்டா மாறுதலை நிராகரிக்கும்போது இப்படி எழுதலாம்: “உங்கள் பத்திரத்தில் 40 சென்ட் என்றும், அ-பதிவேட்டில் 36 சென்ட் என்றும் இருக்கிறது. ஆகவே முதலில் நிலத்தை அளக்க வேண்டும். அதற்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பியுங்கள். இந்த முடிவை ஏற்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.” 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் அந்த மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, அது இருப்பதே மனுதாரர் பலருக்குத் தெரியாது. பணியில் சேரும் இளநிலை உதவியாளர்கள் பவானிசாகர் பயிற்சி நிலையத்துக்குப் போய் அலுவலக நடைமுறையும் விதிகளும் படித்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பயிற்சியில் ஒரு முழு நாளை ஒதுக்கி, மனுதாரர் பெயர் மறைத்த உண்மையான மனுக்களைக் கையில் கொடுத்து, இந்த மாதிரிப் பதில்களை எழுதிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆய்வுக் கூட்டத்திலும் நிலுவைக் கணக்கோடு, அந்த வாரம் போன பதில்களில் நாலைந்தை எடுத்து உரக்க வாசிக்க வேண்டும்.