பழைய பிக்கப்புக்குப் புதிய பிரேக்

முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த சரக்குத் தட்டு. இத்தகைய சிறு லாரியை அமெரிக்கர் பிக்கப் என்பர். 1960 முதல் 1966 வரை வெளிவந்த செவர்லே சி-10 பிக்கப்புகளை அங்கே பலர் இன்றும் பேணி ஓட்டி வருகின்றனர். அவற்றில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் எஞ்சின் அன்று, பிரேக்தான். ஏன் என்று காண்போம்.

2,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 770 கிலோ ஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! வண்டியை நிறுத்துவதென்றால், அநேகமாக இவ்வளவு ஆற்றலையும் பிரேக்குகள் சில வினாடிகளில் வெப்பமாக மாற்றியாக வேண்டும்.

அவ்வண்டிகளின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். சுழலும் இரும்பு டிரம்மின் உட்சுவரில், பிறை வடிவான இரண்டு ஷூக்கள் வெளிநோக்கி அழுந்தும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து, மேலும் இறுக்கிக்கொள்ளும். கதவடியில் செருகிய ஆப்பு, கதவு தள்ளத் தள்ள இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். எனவே லேசாக மிதித்தாலே போதும்.

ஆனால் நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போது என்ன ஆகிறது? கட்டை வண்டிச் சக்கரத்துக்கான இரும்புப் பட்டையைக் கொல்லர் காய்ச்சினால் அது விரிகிறதல்லவா? டிரம்மும் சூடேறி விரிந்து, ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. ஓட்டுநர் மேலும் மேலும் மிதிக்கிறார். வண்டியோ நிற்க மறுக்கிறது.

டிஸ்க் பிரேக்கில் இந்த விலகல் இல்லை. காற்றில் வெளிப்பட்டிருக்கும் வட்டை இருபுறமும் பட்டைகள் கவ்வுகின்றன. வட்டு சூடேறித் தடித்தால் பட்டைகளை நோக்கியே தடிக்கும். 1971ஆம் ஆண்டு மாடலில் செவர்லே நிறுவனமே சி-10இன் முன்சக்கரங்களுக்கு இதைப் பொருத்தியது.

அப்படியானால் டிரம்மைக் கழற்றி டிஸ்கை மாட்டினால் வேலை முடிந்ததா? அங்கேதான் பலர் இடறுகிறார்கள். டிஸ்கில் ஆப்பு வேலை கிடையாது. அழுத்தும் விசை முழுவதையும் வேறெங்கிருந்தாவது பெற வேண்டும். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலுள்ள குறைந்த அழுத்தம் இதற்கு உதவுகிறது. 25 செ.மீ. விட்டமுள்ள உதரவிதானத்தின் ஒரு பக்கம் வளிமண்டலம். மறுபக்கம் அதைவிட 50 செ.மீ. பாதரச அளவு குறைந்த அழுத்தம். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 330 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை வரும். காற்றே காலுக்குத் துணை!

இன்னொரு சிக்கல். டிரம் பிரேக் குழாயில் சிறிதளவு அழுத்தம் எப்போதும் நிற்கும்படி பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரு வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்குக்கு விட்டால் பட்டைகள் ஓயாமல் உரசித் தேயும். மேலும் பிரேக் போட்டால் எடை முன்னோக்கிச் சாயும். பஸ்ஸில் நின்றபடி போகிறவர்களுக்கு இது தெரியும். காலித் தட்டுள்ள பிக்கப்பின் பின்சக்கரங்கள் அப்போது எளிதில் இறுகிச் சறுக்கிவிடும். ஆகவே பின்புற அழுத்தத்தை மட்டுப்படுத்த இன்னொரு வால்வு வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், முதல் தடவை பிரேக் போட்டு நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. நல்ல டிரம்மே சக்கரத்தை இறுக்கிவிடும். அதற்குமேல் டயரின் பிடிப்புதான் எல்லை. ஆதாயம் மூன்றாவது, நான்காவது தடவையில்தான் தெரியும்.

என் கையில் பணம் குறைவென்றால் டிஸ்கைத் தள்ளிவைத்து, இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரை முதலில் வாங்குவேன். பாஸ்கல் விதிப்படி அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பரவுகிறது. அதே விதிப்படி, ஒரே அறையுள்ள பழைய அமைப்பில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இராது. 1967ஆம் ஆண்டு மாடலிலிருந்து சி-10இல் முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை என்று பிரித்தார்கள். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும், சற்றுத் தள்ளியாவது.

அதோடு பழைய ரப்பர்க் குழாய்களையும் பிரேக் ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். ‘டாட் 3’ வகை ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தால் கொதிநிலை 140 டிகிரி அளவுக்கு இறங்கக்கூடும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.