ஓடும்போதா, நிற்கும்போதா?

திருவாலங்காடு ரயில் நிலையத்தில் நின்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். தண்டவாளத்துக்கு மேலே போகும் மின்கம்பி நேராகப் போகவில்லை. ஒரு கம்பத்தில் சற்று இடப்பக்கம், அடுத்த கம்பத்தில் சற்று வலப்பக்கம் என்று கோணல்மாணலாகப் போகிறது. கட்டியவர்களின் கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சினின் முதுகில் மடங்கி நிமிரும் பாண்டோகிராஃப் கம்பியை உரசிக்கொண்டே ஓடுகிறது. ஒரே இடத்தில் உரசினால் அதன் தலையிலுள்ள கரிப்பட்டையில் பள்ளம் விழுந்துவிடும். தேய்மானம் பட்டை முழுக்கப் பரவட்டும் என்றுதான் கம்பியை வேண்டுமென்றே இப்படி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து திருவள்ளூர் வரையிலும், இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி வரையிலும் இந்தக் கம்பி 1979-இல் வந்தது. திருவள்ளூரைத் தாண்டி, திருவாலங்காடு வழியே அரக்கோணத்துக்கு 1982-இல் போனது. அன்றிலிருந்து 6,000 குதிரைத்திறன் எஞ்சின்கள்கூட சார்ஜ் போட எங்கும் நின்றதில்லை. ஓட ஓடவே மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அப்படியிருக்க, இதே திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து இரும்புக் கம்பி ஏற்றிவரும் லாரியும், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லரும் ஏன் இன்னும் டீசல் குடிக்க வேண்டும்?

ரயிலுக்கு உள்ளதும் லாரிக்கு இல்லாததும் தண்டவாளம். மேலே ஒரே கம்பியில் 25,000 வோல்ட் வருகிறது. வந்த மின்சாரம் சக்கரம் வழியாக இறங்கித் தண்டவாளத்தில் திரும்பிப் போகிறது. லாரியின் ரப்பர் டயர் வழியே மின்சாரம் எங்கே திரும்புவது? ஆகவே லாரிக்கு வர ஒன்று, போக ஒன்று என்று இரண்டு கம்பிகள் வேண்டும். பம்பாயில் 1962 முதல் 1971 வரை ஓடிய டிராலி பஸ்ஸுக்கும் இரட்டைக் கம்பிதான். சாலைக் கம்பியில் வோல்ட் குறைவாகவே வைக்க முடியும் என்பதால், துணைமின் நிலையங்களை அடுத்தடுத்து அமைத்தாக வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

பேட்டரியே போதாதா என்றால், பஸ்ஸுக்குப் பெரும்பாலும் போதும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகம் ஓடவிட்ட 120 மின்சாரப் பேருந்துகள் ஒரு சார்ஜில் ஏறத்தாழ 200 கி.மீ. ஓடக்கூடியவை. இரவில் பணிமனைக்கு வந்து தூங்கும் வண்டிக்குச் சாலையில் சார்ஜ் எதற்கு? அவசரம் என்றால் ஜெனீவாவின் வழி இருக்கிறது: நிறுத்தத்தில் பயணிகள் ஏறி இறங்கும் 15, 20 விநாடிக்குள் கூரை வழியாக 600 கிலோவாட் வீதத்தில் மின்சாரத்தை ஏற்றிவிடுகிறார்கள். இதே முறையைச் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் ஓட்டிப் பார்க்க அசோக் லேலண்டும் ஹிட்டாச்சி ஏ.பி.பி.யும் சில ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தம் போட்டன.

கனரக லாரியின் கணக்கு வேறு. 40 டன் வண்டி கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றரை யூனிட் தின்னும். 300 கி.மீ. போக 450 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016-இல் அறிவித்தது 100 யூனிட். அதைப்போல நாலரை மடங்கைப் பேட்டரியில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். அந்தப் பேட்டரி மட்டும் மூன்று டன் வரும். மூன்று டன் கூடுதல் சுமையை ஏற்றத் துடிக்கும் தொழிலில் மூன்று டன் பேட்டரியை ஏற்றச் சொன்னால் லாரி முதலாளி சிரிப்பார். பாதி வழியில் கம்பியிருந்தால் பேட்டரி சுருங்கிவிடும். 60 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம், 250 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 40 யூனிட்டுக்கு மேல். அந்தப் பத்து கிலோமீட்டருக்குச் செலவு 15 போக, மீதி அடுத்த சுமார் 17 கி.மீ. தூரத்துக்கு ஆகும்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்? ஜெர்மனி 2019-இல் பிராங்க்ஃபர்ட் அருகே நெடுஞ்சாலைக்கு மேல் கட்டிய கம்பியில் சோதனையைத் தொடங்கியது. லாரிகள் நன்றாகவே ஓடின. ஆனால் சோதனை முடிந்தபின் அதை நாடெங்கும் விரிக்கவில்லை. சுவீடன் 2016-இலேயே கம்பி கட்டியது, 2018-இல் சாலைக்குள் தண்டவாளம் பதித்தது. பிறகு இ20 நெடுஞ்சாலையில் நிரந்தரமாக மின்சாலை போடலாம் என்று டெண்டர் விட்டு, கேட்ட விலையைப் பார்த்து 2023-இல் கைவிட்டது. இதற்கிடையில் பேட்டரி விலை விழுந்துகொண்டே வந்ததும் ஒரு காரணம். நம் நாட்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி பல ஆண்டுகளாக டெல்லி–ஜெய்ப்பூர், டெல்லி–மும்பை மின்சாரச் சாலை பற்றிப் பேசி வருகிறார். பேச்சு பேச்சாகவே இருக்கிறது.

கம்பியே வேண்டாம், சாலைக்கு அடியில் காயில் எனும் கம்பிச்சுருளைப் புதைத்துக் காந்தப்புலத்தால் ஏற்றலாம் என்பது இன்னொரு கட்சி. தென்கொரியாவின் குமி நகரில் 2013-இல் பஸ்ஸை அப்படி ஓட்டினார்கள். 17 செ.மீ. இடைவெளி தாண்டி 100 கிலோவாட், சேதாரம் சுமார் 15 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. நம் மண்ணுக்குச் சொன்னால் எனக்குப் பயம். 1895-இல் மெட்ராஸில் டிராம் தொடங்கியபோது முதலில் மின்சாரம் எடுத்தது சாலைக்குள் புதைத்த குழாயிலிருந்துதான். நம் மழைக்கு அது தாங்கவில்லை. தலைக்கு மேலே கம்பிக்கு மாறினார்கள். மழை போகட்டும். மின்வாரியம் மூடிய பள்ளத்தைக் குடிநீர் வாரியம் தோண்டும் ஊரில், காயில் எத்தனை நாள் முழுசாக இருக்கும்?

தலைக்கு மேலே கம்பி என்றாலும் சிக்கல் உண்டு. திருவாலங்காட்டிலேயே சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர் எவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வைக்கோல் லாரி அதற்கும் அண்ணன். தேர் வரும் நாளில் தெருக் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவதுபோல நெடுஞ்சாலையில் செய்ய முடியாது.

ஆனால் துறைமுகப் பகுதியை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். நம் கன்டெய்னர் லாரிகள் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம் என்று தோன்றும். எண்ணூர், மணலி சாலையில் துறைமுக வாசலுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற காட்சி வட சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தாலும் வண்டி நகர்ந்திருக்காது. ஆந்திர எல்லையிலுள்ள எளாவூர் சோதனைச்சாவடியிலும் காத்திருப்பு உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டிக்கு மின்சாரம் கொடுக்க உலகமே தலையைப் பிய்த்துக்கொள்கிறது. பத்து மீட்டர் நகர்ந்து பத்து நிமிடம் நிற்கும் வண்டிக்குக் கொடுப்பது அதைவிட எவ்வளவோ சுலபம். துறைமுகத்துக்குள் நுழையும் கடைசி இரண்டு கிலோமீட்டரில், ஒதுக்கிய ஒற்றைத் தடத்தில் கம்பி கட்டினாலே போதும். வைக்கோல் லாரி அங்கே வராது; அங்கே வருவது பெரும்பாலும் உயரம் முன்கூட்டியே தெரிந்த கன்டெய்னர்.

எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரை சுமார் 133 கி.மீ. நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலை உருவாகி வருகிறது. இன்றைக்கு அதன்மேல் கம்பி கட்டச் சொல்லவில்லை. நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்பது இவ்வளவே: மண் திறந்திருக்கும்போதே சாலையோரம் காலிக் குழாய்களைப் புதையுங்கள், துறைமுக முனையிலும் தச்சூரிலும் துணைமின் நிலையத்துக்கு இடம் விட்டு வையுங்கள். தார் போட்ட பிறகு தோண்ட வராதீர்கள்.