அரை கப்பா, ஒரு கப்பா?

எங்கள் பக்கத்து விருந்தில் உட்கார்ந்து, 'எனக்குக் கொஞ்சமா வைங்க' என்று சொல்லிப் பாருங்கள். பரிமாறுகிறவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'பொண்ணு வீட்டோட ஏதாச்சும் மனஸ்தாபமா?' என்று பக்கத்து இலைக்காரர் காதைக் கடிப்பார். ஒடுகத்தூரிலிருந்து மாதனூர் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணி, எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி... இந்த வட்டாரத்தில் அளவு என்ற சொல்லுக்குத் தோல் ஷாப்பில் மட்டும்தான் மரியாதை. அங்கே ஆட்டுத் தோலைச் சதுர அடிக் கணக்கில் சுத்தமாக அளப்பார்கள். அந்த ஆட்டுக் கறியைத் தட்டில் போடும்போது மட்டும் கணக்கு வழக்கே கிடையாது!

இப்படிப்பட்ட ஊருக்கு என் அக்கா வீட்டுக்காரர், 2010-ல், இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

மாமா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அப்போது உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 128 கிலோ. சர்க்கரை இருந்தது. பிரஷர் இருந்தது. குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. நடுவில் மூச்சே நின்றுபோய், அக்கா பதறி எழுந்து உலுக்கி எழுப்புகிற குறட்டை. அந்த பயம்தான் அவரை சென்னைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனது. அழகுக்காக இல்லை.

அந்தப் பட்டை என்பது என்ன? சிலிக்கானால் ஆன பெல்ட். இரைப்பையின் மேல் பாகத்தில், உணவுக்குழாய் வந்து சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே அதை மாட்டுகிறார்கள். உள்பக்கம் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு வளையம். அதிலிருந்து மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் புதைத்த ஒரு சின்ன மூடியில் முடிகிறது. டாக்டர் ஊசியால் அந்த மூடி வழியே உப்பு நீர் ஏற்றினால் பட்டை இறுகும். எடுத்தால் தளரும். அமெரிக்காவில் லுபோமிர் குஸ்மாக் என்ற சர்ஜன் 1986-ல் இந்த இறுக்கித் தளர்த்தும் பட்டையைக் கொண்டுவந்தார். 1993-ல் பெல்ஜியத்தில், எத்தியோப்பியாவில் பிறந்த மிட்டிகு பெலாச்சு என்ற டாக்டர், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப் மூலமே அதை மாட்டிக் காட்டினார். 2001-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்க ஏக கிராக்கி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வம்பு வந்தது சாப்பாட்டில்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'வேளைக்கு நாலு டேபிள் ஸ்பூன்' என்று போட்டிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது டயட்டீஷியன் அம்மா, 'அரை கப், அதுக்கு மேல வேண்டாம்' என்றார். சர்க்கரைக்குப் பார்க்கிற வேறொரு டாக்டர், 'ஒரு கப் தாராளமா சாப்பிடுங்க, தெம்பு வேணாமா?' என்றார். கம்பெனியில் ஒருவரின் மைத்துனர், அவரும் 'இதே ஆபரேஷன்' செய்துகொண்டவராம், 'நீ அளவெல்லாம் பாக்காத. வயிறு நிறையுற வரைக்கும் துன்னு. பட்டை தானா நிறுத்திடும்' என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

'மாப்ளே, இவங்க எல்லாம் ஒரே வயித்தைப் பத்திதான் பேசறாங்களா?' என்றார் மாமா.

அக்காவுக்கோ வேறு கவலை. 'நாலு ஸ்பூன் சோறு துன்னுட்டு இந்த மனுஷன் எப்படிப்பா கம்பெனில நாளெல்லாம் நிப்பாரு?' கேட்கும்போதே கண் கலங்கிவிடும். பிறகு எந்த யோசனையில் அளவு அதிகமோ அதுவே வீட்டில் சட்டமாகிவிட்டது. குடும்ப ஜனநாயகம் ஸார்!

மூன்று வருஷம் ஓடியது. எடை முதலில் மளமளவென்று இறங்கி, பிறகு நின்று, மெல்லத் திரும்பி ஏற ஆரம்பித்தது. 2013-ல் ராத்திரி படுத்தால் இருமல். தின்றது எதிர்க்களித்துத் தொண்டைக்கு வந்தது. வாரத்தில் நாலு நாள் வாந்தி. 'பட்டை போட்டா அப்படித்தான்' என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அப்படித்தான் இல்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பட்டைக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டிய பாகம் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. இப்படியே விட்டிருந்தால் இரைப்பை பட்டைக்குள் நழுவி, முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டமே நின்று போயிருக்கலாம் என்றார் அங்கிருந்த சர்ஜன். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே உப்பு நீர் முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டார். சில வாரம் பட்டைக்கு ஓய்வு. உப்பினது தானாகச் சுருங்கியது, நல்ல காலம். சிலருக்கு மறுபடி ஆபரேஷன் வரைக்கும் போய்விடும்.

அந்த சர்ஜனிடம்தான் எங்கள் நாலு அளவு வழக்கைக் கொண்டுபோய் வைத்தோம். மனிதர் பொறுமைசாலி. மேஜை மேலிருந்த டம்ளரை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு விளக்கினார்.

நாலு டேபிள் ஸ்பூன் என்றது முதல் வாரங்களுக்கான கணக்காம். ஆபரேஷன் ஆனவுடன் தண்ணியாகத்தான் எல்லாம். பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது, மாதம் ஒன்றானதும் கெட்டி உணவு. படிக்குப் படி அளவு மாறும். சீட்டில் அளவை மட்டும் எழுதி, எத்தனை வாரத்துக்கு என்று எழுதாமல் விட்டால் அதைக் கையில் வைத்திருக்கிறவன் என்ன செய்வான்?

அந்த மைத்துனர் விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் செய்துகொண்டது பட்டையே இல்லை! 'ஸ்லீவ்' என்று இரைப்பையின் பெரும்பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போலத் தைத்துவிடுகிற வேறு ஆபரேஷன். இரண்டுமே 'குண்டு குறைக்கிற ஆபரேஷன்' என்று ஊரில் ஒரே பெயர். பஸ் டிரைவரிடம் போய் மாட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதைதான்.

உண்மையான கருத்து வேறுபாடு மற்ற இரண்டில் இருக்கிறது. டாக்டர்களுக்குள்ளேயே இருந்தது. ஆரம்ப காலத்தில், பட்டைக்கு மேலே ஒரு குட்டிப் பை உண்டாகிறது, அது நிரம்பினால் பசி அடங்கும், ஆகவே பையை நிரப்பு என்பதுதான் சித்தாந்தம். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்துப் பால் ஓபிரையனும் அவர் குழுவும் இதை ஆராய்ந்து, கதையே வேறு என்றார்கள். பட்டை என்பது தடுப்பணை இல்லை. சாப்பாடு அங்கே தேங்கவே கூடாது. நன்றாக மென்ற ஒரு சின்ன வாய் உணவை, உணவுக்குழாய் பல தடவை அழுத்தி, ஒரு நிமிஷம் வரைக்கும் எடுத்துக்கொண்டு பட்டையைத் தாண்ட வைக்கிறது. அந்த அழுத்தம்தான் நரம்பு வழியாக மூளைக்கு 'போதும்' என்று சேதி சொல்கிறது. ஒரு வாய் தாண்டுவதற்குள் அடுத்த வாயைத் தள்ளினால் மேலே தேங்கும், பை உப்பும். அவர்கள் சொன்ன அளவு வேளைக்கு அரை கப் அளவில்தான்.

'அப்போ பட்டை நிறுத்தாதா?' என்றார் மாமா.

'அது நிறுத்தறதுக்கு முன்னாடி நீங்க நிறுத்தணும். அது நிறுத்தினா அதுக்குப் பேர் வாந்தி.'

எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. ஆனால் அக்கா விடவில்லை. 'கப்புன்னா எந்தக் கப்பு டாக்டர்?' என்று ஒரு போடு போட்டாள். நியாயமான கேள்வி! அமெரிக்கக் கப் 240 மில்லி. ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. எங்கள் வீட்டில் கப் என்றால் பாயசம் ஊற்றுகிற எவர்சில்வர் கிண்ணம். அதில் அரை என்பது எங்கள் அக்கா கையால் அளந்தால் முக்கால். நம் பழைய ஆழாக்கு 168 மில்லி என்று கணக்குச் சொல்வார்கள். அரை கப் அதையும்விடக் குறைவு. டாக்டர் காட்டிய டம்ளரில் அது அடியில் பாதிகூட வரவில்லை. அக்கா அதை ஒரு நிமிஷம் பார்த்தபடி நின்றாள்.

அதுவும் போக, அரை கப் பொரி ஏழெட்டு கிராம்தான் இருக்கும். அரை கப் சோறு அதைப்போல பத்து மடங்கு. பாயசம், ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் எல்லாம் பட்டையைச் சட்டை செய்யாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மாமாவின் எடை திரும்பி ஏறிய மர்மம் அங்கேதான் துலங்கியது. சோறு இறங்கவில்லை என்று அக்கா மத்தியானத்துக்கு மத்தியானம் பால் பாயசம் வைத்துக் கொடுத்திருக்கிறாள்!

அரை கப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதும் முக்கியம் என்றார் டாக்டர். நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் சுமார் ஆறு. அதனால் முதலில் முட்டை, மீன், பருப்பு, தயிர். அப்புறம் காய். இடமிருந்தால் சோறு. நம் இலையில் பரிமாறுகிற கணக்குக்கு நேர் தலைகீழ். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. முடியும்வரை உட்கார்ந்திருக்கவும் கூடாது, இருபது நிமிஷம் ஆனால் தட்டை நகர்த்திவிட வேண்டும். நார் நாரான மட்டன், பிசுபிசுப்பான பிரெட், வெறும் சோற்று உருண்டை மூன்றும் பட்டையில் சிக்குகிற ஆசாமிகள்.

நியூஜெர்சி கவர்னராக இருந்த கிறிஸ் கிறிஸ்டிகூட 2013 பிப்ரவரியில் ரகசியமாக இந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு, மே மாதம்தான் வெளியே சொன்னார். அதே காலத்தில் பட்டையின் மவுசு சரிய ஆரம்பித்திருந்தது. அமெரிக்காவில் 2011-ல் எடை குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பட்டைதான். 2019-ல் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஸ்லீவ் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. எடை போதுமான அளவு குறையாமலும், நழுவியும், அரித்தும் பலருக்குப் பட்டையைக் கழற்றவே வேண்டியதாயிற்று.

போட்டவர்கள் பாடு? அதைத்தான் யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு மாமாவின் பட்டைக்கு ஊசி போடத் தெரிந்த ஆளைத் தேடுவதே ஒரு வேலை. இளம் டாக்டர்கள் சிலர், 'பட்டையா?' என்று பழைய டிரங்க் பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஆகவே பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறார்: பட்டையின் கம்பெனிப் பெயர், ஆபரேஷன் தேதி, உள்ளே எத்தனை மில்லி. எச்சில்கூட இறங்காமல் போனால், அல்லது வயிற்றில் தாங்காத வலி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வார்த்தையாகப் பட்டை இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

மாமா இப்போது 97 கிலோ. குறட்டை இருக்கிறது, மூச்சு நிற்பதில்லை. கல்யாண வீடுகளில் அக்கா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுக்கிறாள். அரை அளவுக்குச் சிவப்பு நெயில் பாலிஷில் கோடு போட்டது. பிரியாணி பரிமாறுகிற பையன் கரண்டியோடு அப்படியே நிற்பான்.

'கோட்டைத் தாண்டாதப்பா' என்பாள்.