கம்ப்யூட்டர் வேண்டாம், பென்சில் போதும்!



பைத்தான் பாடம் நடந்தபோது சார் போர்டில் ‘லாம்டா’ என்று எழுதி, “இது என்னன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்” என்றார். நான் டக்கென்று எழுந்து “அலைநீளம் சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. இயற்பியலில் அதற்கு அதுதானே பொருள்! அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம பிளஸ் டூ புத்தகத்தில் பெயர் இல்லாத செயற்கூறு என்று வருகிறதே, அதற்கு முன்னால் போடுகிற சொல்தான் லாம்டா. இது பைத்தானுக்கு மட்டும் சொந்தமில்லை. அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1930களில் உருவாக்கிய ‘லாம்டா கால்குலஸ்’ என்பதிலிருந்து வந்தது. இன்று நாம் பார்க்கிற கம்ப்யூட்டர் அப்போது கிடையாது. பேப்பரும் பென்சிலும்தான். (வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி!)

அல்லிநகரம் கடைத்தெருவில் திராட்சை கிலோ 60 ரூபாய், பைக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மனசுக்குள் போடும் கணக்கை இப்படி எழுதலாம்:

லாம்டா கி . கி × 60 + 5

“எத்தனை கிலோன்னு சொல்லுங்க, கணக்குப் போட்டுத் தர்றேன்” என்று அர்த்தம். 3 கிலோ என்றால் ‘லாம்டா கி’யை அழித்துவிட்டு, மிச்சத்தில் கி இருக்கும் இடத்தில் 3 போட வேண்டும். 185 ரூபாய். அழித்து மாற்றி எழுதுவது, அவ்வளவுதான் வேலை.

இனிமேதான் ஆச்சரியம். சர்ச்சின் முறையில் 60, 5 என்ற எண்களே கிடையாது. கூட்டல், பெருக்கலும் கிடையாது. எல்லாமே விதிகள். அப்போ எண்ணை எப்படி எழுதுவது? கோயிலைச் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 3 என்றால் ‘ஒரு வேலையை மூன்று தரம் செய்’. 0 என்றால் சும்மா நில். 2 சுற்று முடித்த இடத்திலிருந்து இன்னும் 3 சுற்று போனால் 5. கூட்டல் வந்துவிட்டது!

கழித்தல்தான் படுத்திவிட்டது. போட்ட சுற்றை எப்படித் திரும்ப எடுப்பது? சர்ச்சுக்கே பிடிபடவில்லை. அவருடைய மாணவர் ஸ்டீபன் கிளீனிக்கு, பல் டாக்டரிடம் ஞானப்பல் பிடுங்கும்போது வழி தோன்றியதாம். (நமக்குப் பல் வலித்தால் அம்மா ஞாபகம்தான் வருது.) எளிமையாகச் சொன்னால், இரண்டு டப்பா வேண்டும். இரண்டிலும் முதலில் 0. ஒவ்வொரு தரமும் வலது டப்பாவில் உள்ள எண்ணை இடது டப்பாவிலும் எழுதிக்கொண்டு, வலதில் மட்டும் 1 கூட்டுங்கள். மூன்று தரம் செய்தால் 0,1 பிறகு 1,2 பிறகு 2,3. இடது டப்பாவில் 2! பின்னால் போகாமலே மூன்றில் ஒன்று குறைந்துவிட்டது.

எந்த விதியாலும் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டு என்று 1936இல் சர்ச் இதை வைத்தே காட்டினார். அதே ஆண்டு இங்கிலாந்தின் ஆலன் டூரிங், ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்து அதே முடிவுக்கு வந்தார். பிறகு பிரின்ஸ்டன் போய் சர்ச்சிடமே ஆராய்ச்சி செய்து 1938இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஒரு புதிர். ‘இரண்டு தரம் செய்’ என்ற விதிக்கு வேலையாக ‘மூன்று தரம் செய்’ என்ற விதியையே கொடுத்தால் மொத்தம் எத்தனை தரம்? 6 என்று நினைத்தேன். மாற்றி எழுதிப் பார்த்தால் 9 வருது! ஏன்னு கண்டுபிடிச்சவங்க இடைவேளையில் எங்க வகுப்புக்கு வாங்க. பென்சில் கொண்டு வாங்க.

– பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு